சிறு விமானத்தின் பேட்டரியும் ஹேங்கர் சுவரில் செருகும் சார்ஜரும்

சிறு விமானங்களில் பறந்து கெட்ட பேட்டரியைவிட, சும்மா நின்று கெட்ட பேட்டரிதான் அதிகம். அமெரிக்காவில் செஸ்னா, பைப்பர் போன்ற ஒற்றை எஞ்சின் விமானங்களைச் சொந்தமாக வைத்திருப்பவர்கள் பலர். வானிலை ஒத்துழைத்தால் வாரக்கடைசியில் ஒரு மணி நேரம் பறப்பார்கள். வடக்கு மாநிலங்களில் குளிர்காலம் தொடங்கிவிட்டால் அதுவும் நின்றுபோகும். விமானம் ஹேங்கர் என்னும் விமானக் கொட்டகைக்குள் மாதக்கணக்கில் கிடக்கும். அப்புறம் ஒரு நாள் வந்து சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்காது.

இதைத் தவிர்க்கத்தான் ஹேங்கர் சுவரில் இருக்கும் பிளக்கில் ஒரு சின்னப் பெட்டியைச் செருகி, அதிலிருந்து வரும் வயரை பேட்டரியோடு இணைத்துவிட்டுப் போகிறார்கள். மெயின்டெய்னர் என்று அதற்குப் பெயர். விலை அதிகமில்லை, வேலையும் எளிது. ஆனாலும் அதைச் சுற்றித் தவறான எண்ணங்கள் நிறைய. காருக்கு வாங்கிய சார்ஜரையே விமானத்துக்கும் மாட்டுகிறவர்கள் உண்டு. மெயின்டெய்னர் மாட்டியிருக்கிறது, எனவே பேட்டரி நன்றாகத்தான் இருக்கும் என்று நம்புகிறவர்கள் அதைவிட அதிகம். இந்த இரண்டாவது நம்பிக்கைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது.

முதலில் பேட்டரியின் வேலை என்ன என்று பார்ப்போம். இந்த விமானங்களின் பிஸ்டன் எஞ்சினில் தீப்பொறி தருவது மேக்னெட்டோ. அது எஞ்சின் சுழலும்வரை தன் மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். அதனால் நடுவானில் பேட்டரி செத்துப்போனாலும் எஞ்சின் நிற்காது. இதைத் தெரிந்துவைத்திருப்பவர்கள், பேட்டரி என்பது ஸ்டார்ட் செய்ய மட்டும்தானே என்று நினைத்துவிடுகிறார்கள். பேட்டரியின் முக்கியமான வேலை வேறு. பறக்கும்போது, எஞ்சினால் சுழன்று மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்நேட்டர் செயலிழந்தால் ரேடியோ, ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டர், வழிகாட்டும் கருவிகள், விளக்குகள், மின்சாரத்தில் இயங்கும் ஃபிளாப் (இறக்கை மடல்) எல்லாவற்றையும் தாங்குவது பேட்டரி ஒன்றுதான். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 1990களில் சிறு விமானங்களுக்கான வடிவமைப்பு விதிகளைத் திருத்தியபோது, மின் உற்பத்தி முழுக்க நின்றுபோனாலும் பாதுகாப்பாகத் தரையிறங்கத் தேவையான கருவிகளுக்கு பேட்டரி குறைந்தது 30 நிமிடம் மின்சாரம் தர வேண்டும் என்று சேர்த்தது. மேகத்துக்குள் பறந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு அந்த அரை மணி நேரம் எவ்வளவு பெரியது என்று விளக்க வேண்டியதில்லை. கடிகார முகப்புக் கருவிகளுக்குப் பதிலாகத் திரைகள் வந்துவிட்ட இன்றைய காக்பிட்டில் அதன் மதிப்பு இன்னும் கூடியிருக்கிறது.

ஆக, பேட்டரியிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: எஞ்சினை எடுக்குமா, அரை மணி நேரம் தாங்குமா. மெயின்டெய்னர் முதல் கேள்விக்குப் பெரும் உதவி செய்கிறது. இரண்டாவதற்கு ஓரளவுக்கு மட்டுமே.

நிற்கும் விமானத்தில் பேட்டரி ஏன் இறங்குகிறது? பேட்டரியை மின்சுற்றோடு இணைக்கும் மாஸ்டர் சுவிட்சை அணைத்துவிட்டால் எல்லாம் அணைந்துவிடும் என்பது பாதி உண்மை. கடிகாரம், கதவருகே எரியும் சிறு விளக்கு போன்ற சில, மாஸ்டருக்கு வெளியே நேரடியாக பேட்டரியிலிருந்தே மின்சாரம் எடுப்பவை. கணக்குப் போட்டுப் பாருங்கள். கடிகாரம் வெறும் 5 மில்லி ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 0.12 ஆம்பியர்-மணி (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிய அளவு). இரண்டு மாதத்தில் 7.2. செஸ்னா 172எஸ் விமானத்தின் 24 வோல்ட் பேட்டரிகளில் ஒரு வகையின் மொத்தக் கொள்ளளவே 12.75 ஆம்பியர்-மணிதான். யாரும் தொடாமலே பாதிக்கு மேல் போய்விட்டது. கார் பேட்டரியின் கொள்ளளவு இதைப் போலப் பல மடங்கு என்பதால் காரில் இந்தக் கசிவு கண்ணில் படுவதில்லை. விமானத்தில் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு உண்டு. பேட்டரியைச் சின்னதாகத்தான் வைக்க முடியும்.

போதாததற்கு பேட்டரி தானாகவும் இறங்கும். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடினால் அந்த வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அரிசோனா போன்ற பாலைவன மாநிலத்தில் தகரக் கூரை ஹேங்கருக்குள் கோடையில் நிற்கும் பேட்டரியின் நிலை இதுதான்.

இறங்கிய பேட்டரியை மறுபடி ஏற்றிக்கொண்டால் போயிற்று என்று தோன்றும். இந்த விமானங்களில் பெரும்பாலும் இருக்கும் ஈய-அமில பேட்டரியில் அது அவ்வளவு எளிதில்லை. மின்சாரம் வெளியேறும்போது தகடுகளின் மேல் ஈய சல்ஃபேட் படிகிறது. உடனே சார்ஜ் செய்தால் அது கரைந்து பழைய நிலைக்குத் திரும்பும். வாரக்கணக்கில் அப்படியே விட்டால் அந்தப் படிவு இறுகிப் பெரிய படிகங்களாகிவிடும். அவற்றை முழுதாகக் கரைக்க முடியாது. தகட்டின் அந்தப் பகுதி இனிமேல் வேலைக்கு ஆகாது. அதாவது பேட்டரியின் கொள்ளளவே சுருங்கிவிட்டது. குளிர் நாட்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நன்றாக ஏறிய பேட்டரியின் அமிலம் கடுங்குளிரிலும் உறையாது. முழுக்க இறங்கியதில் அமிலம் கிட்டத்தட்டத் தண்ணீராகிவிடுவதால், பூஜ்யத்துக்குச் சில டிகிரி கீழே போனாலே உறைந்து, தகடுகளையும் உறையையும் பிளந்துவிடும்.

மாதம் ஒருமுறை ஒரு மணி நேரம் பறந்தால் ஆல்டர்நேட்டர் ஏற்றிவிடாதா என்று கேட்பார்கள். ஓரளவு ஏற்றும். ஆனால் ஈய-அமில பேட்டரி முதல் 80 சதவீதத்தை வேகமாக வாங்கிக்கொள்ளும், கடைசி 20 சதவீதத்தை மிக மெதுவாகத்தான் வாங்கும். அதற்குப் பல மணி நேரம் வேண்டும். மாதம் ஒரு சின்னப் பறப்பு என்றால் பேட்டரி வருடம் முழுக்க முக்கால் வயிற்றோடுதான் இருக்கும். அந்தக் கடைசிப் பங்கில்தான் சல்ஃபேட் இறுகிக்கொண்டே போகிறது.

முழுக்க இறங்கிப்போன பேட்டரியோடு ஒரு செஸ்னாவை எடுக்க முயன்றால் என்ன நடக்கும் என்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். நல்ல பேட்டரி இருந்தால், சிவப்பு மாஸ்டர் சுவிட்சைப் போட்டதும் "டக்" என்று ஒரு சத்தம் கேட்கும். அது பேட்டரி கான்டாக்டர் மூடும் சத்தம். பேட்டரியை விமானத்தின் மற்ற மின்சுற்றோடு இணைக்கும் பெரிய ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச் அது. அந்த ரிலேயின் சுருளுக்கு மின்சாரம் வருவதும் அதே பேட்டரியிலிருந்துதான். பேட்டரி செத்திருந்தால் கான்டாக்டர் மூடாது. சரி, ப்ரொபெல்லரைக் கையால் சுற்றி எஞ்சினை எடுத்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம் (உயிருக்கே ஆபத்தான வேலை, பழகாதவர்கள் செய்யவே கூடாது). எஞ்சின் ஓடும். ஆனால் ஆல்டர்நேட்டர் மின்சாரம் உண்டாக்க அதற்குள் காந்தப்புலம் தரும் ஃபீல்டு சுருளுக்கு முதலில் கொஞ்சம் மின்சாரம் வெளியிலிருந்து வேண்டும். அதைத் தர வேண்டியது பேட்டரி. பேட்டரியும் இல்லை, கான்டாக்டரும் மூடவில்லை. எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடினாலும் பேட்டரி ஏறாது, ரேடியோவும் உயிர்பெறாது.

வெளியிலிருந்து பவர் கொடுத்து எடுக்கும் வழியும் இருக்கிறது. செஸ்னாவில் இதற்கென்று ஒரு சாக்கெட் வைத்திருக்கிறார்கள். பேட்டரி முழுக்க இறங்கியிருந்தாலும் வெளிப் பவரைக் கொண்டு கான்டாக்டரை மூடவைக்க, ஃபியூஸ் போட்ட ஒரு தனிச் சுற்றை அந்த சாக்கெட்டிலேயே பல மாடல்களில் அமைத்தார்கள். எஞ்சின் எடுத்துவிடும், ஆல்டர்நேட்டரும் வேலை செய்யும், எல்லாம் சரியாகத் தெரியும். ஆனால் அந்தப் பேட்டரியில் சரக்கு இல்லை. அடுத்த இருபது நிமிடத்தில் ஆல்டர்நேட்டர் போனால் அந்த 30 நிமிடக் கையிருப்பு வெறும் காகிதத்தில்தான். அதனால்தான் பேட்டரி தயாரிப்பாளர்கள், செத்த பேட்டரியை இப்படி உசுப்பிவிட்டுப் பறக்காதீர்கள், கழற்றி முறையாக ஏற்றிச் சோதித்தபிறகு பறங்கள் என்று எச்சரிக்கிறார்கள்.

இப்போது சார்ஜருக்கு வருவோம். பழைய காலத்து டிரிக்கிள் சார்ஜர் என்பது ஒரு டிரான்ஸ்பார்மரும் டயோடும் மட்டும்தான். பேட்டரி நிறைந்ததா இல்லையா என்று அதற்குத் தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். நிறைந்த பேட்டரிக்குள் தள்ளினால் தண்ணீர் பிரிந்து வாயுவாகும், அளவு குறையும், தகடு அரிக்கும். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு அடிக்கடி டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டியிருந்தால் அங்கே நடப்பதும் இதேதான். இப்படிப்பட்ட சார்ஜரை வாரக்கணக்கில் விமானத்தில் விட்டால் அது பேட்டரியைக் காப்பாற்றாது, மெதுவாகக் கொன்றுவிடும்.

நல்ல மெயின்டெய்னர் கட்டம் கட்டமாக வேலை செய்யும். முதலில் நிலையான மின்னோட்டம். மின்னழுத்தம் 12 வோல்ட் பேட்டரிக்குச் சுமார் 14.2 ஆக உயர்ந்ததும் அங்கேயே பிடித்துவைக்கும். மின்னோட்டம் தானாகக் குறையும். போதுமான அளவு குறைந்ததும் மிதவை நிலைக்கு, அதாவது சுமார் 13.4 வோல்ட்டுக்கு இறங்கி, தானாக இறங்கும் அளவை மட்டும் ஈடுகட்டிக்கொண்டிருக்கும். 24 வோல்ட் பேட்டரிக்கு இவை அப்படியே இரட்டிப்பு. உங்களுடைய செஸ்னா 172 எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள். 1977 வரை வந்தவை 12 வோல்ட் பேட்டரி கொண்டவை, 1978இல் 24க்கு மாறின. வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே விமானம்தான்.

அரை வோல்ட் கூடினால் குறைந்தால் என்ன என்று தோன்றலாம். இங்கே அரை வோல்ட் பெரிய விஷயம். கூடினால் தண்ணீர் பிரிந்து வாயுவாகிறது, குறைந்தால் சல்ஃபேட் சேர்கிறது. அதோடு சரியான மின்னழுத்தம் என்பதே வெப்பநிலைக்கு ஏற்ப மாறும் ஒன்று. 12 வோல்ட் பேட்டரிக்கு ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் ஏறக்குறைய 24 மில்லிவோல்ட் குறைக்க வேண்டும். 25 டிகிரியில் 14.2 என்றால், 40 டிகிரி ஹேங்கரில் 13.8 சொச்சம்தான் சரி. மைனஸ் 10 டிகிரியில் அதே பேட்டரிக்கு 15 வோல்ட் வேண்டும். வெப்பநிலை அறியாத சார்ஜர் கோடையில் அளவுக்கு மீறி ஏற்றும், குளிர்காலத்தில் பட்டினி போடும். அதனால் பேட்டரி டெர்மினலிலேயே பொருத்தும் வெப்ப உணரி உள்ள சார்ஜரை வாங்குங்கள் என்பது என் அழுத்தமான கருத்து. உணரி சார்ஜர் பெட்டிக்குள் இருந்தால் போதாது. பெட்டி சுவரோரம் இருக்கும்; பேட்டரியோ செஸ்னா 172இல் எஞ்சினுக்குப் பின்னால், அதையும் காக்பிட்டையும் பிரிக்கும் ஃபயர்வால் என்ற தடுப்பில் இருக்கும். பறந்துவிட்டு வந்து உடனே மாட்டினால் இரண்டின் வெப்பத்துக்கும் சம்பந்தமே இருக்காது. செஸ்னா 182இல் பேட்டரி வாலுக்குள் இருக்கிறது. அங்கே வேறு கணக்கு.

பேட்டரியின் வகையும் முக்கியம். அமிலம் திரவமாக நிற்கும் பழைய வகை ஒன்று. கண்ணாடி இழைப் பாய்க்குள் அமிலத்தை உறிஞ்சவைத்து மூடிய வகை மற்றொன்று. தண்ணீர் ஊற்றும் வேலை இல்லாததால் இதுதான் இப்போது பெரும்பாலும் விற்கிறது. சிறு விமானங்களுக்கு அமெரிக்காவில் இரண்டு பெயர்கள் பிரபலம்: கில், கான்கார்ட். இரண்டின் அமில அடர்த்தியும் சார்ஜ் மின்னழுத்தமும் ஒன்றல்ல. பேட்டரிமைண்டர் என்ற பெயரில் விமானத்துக்கென்று வரும் சார்ஜர் மாடல்களை பேட்டரி பிராண்டுக்கு ஏற்பத் தனித்தனியாக விற்பதற்கு இதுதான் காரணம். கார் சார்ஜர்கள் சிலவற்றில் சல்ஃபேட்டை உடைக்கிறேன் என்று 15.5 வோல்ட்டுக்கு மேல் ஏற்றும் வசதி உண்டு. மூடிய வகை விமான பேட்டரிக்கு அது ஆகாது. அந்த நேரத்தில் மாஸ்டர் சுவிட்ச் போட்டிருந்தால் ரேடியோவுக்கும் ஆகாது.

லித்தியம் பேட்டரி வைத்திருப்பவர்கள் இங்கே இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2013 ஜனவரியில் போஸ்டன் விமான நிலையத்தில் நின்றுகொண்டிருந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் போயிங் 787இல் லித்தியம் பேட்டரி தீப்பிடித்தது. சில நாளில் ஜப்பானில் இன்னொரு 787 அவசரமாகத் தரையிறங்கியது. உலகமெங்கும் அந்த ரக விமானங்கள் பறப்பதை நிறுத்த வேண்டியதாயிற்று. சிறு விமானங்களுக்கு வரும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வேறு வேதியியல், அதைவிட நிதானமானது. உள்ளேயே காவல் சுற்றும் இருக்கும். தானாக இறங்குவது மிகக் குறைவு என்பதால் கடிகாரம் போன்ற கசிவு இல்லாவிட்டால் அதற்கு மெயின்டெய்னரே பெரும்பாலும் தேவைப்படாது. தேவைப்பட்டால் லித்தியத்துக்கென்று தயாரித்த சார்ஜர்தான். சல்ஃபேட்டை உடைக்க மின்சாரத்தைத் துடிப்பு துடிப்பாக விடும் ஈய-அமில சார்ஜரை மாட்டக் கூடாது.

எப்படி இணைப்பது? வெளிப் பவர் சாக்கெட் இருக்கிறதே, அதிலேயே மாட்டிவிடலாம் என்று சிலர் நினைப்பார்கள். பல விமானங்களில் அந்த சாக்கெட் தன்னுடைய தனி ரிலே வழியாக மின்சுற்றுக்குப் போகிறது. மாஸ்டர் போட்டால்தான் பேட்டரியை அடையும். மாஸ்டரைப் போட்டுவைத்தால் கான்டாக்டர் சுருளே மின்சாரம் தின்றுகொண்டு சூடாகும். எனவே பேட்டரி டெர்மினலிலிருந்து நேராக ஒரு சிறு வயர் இழுத்து, கையெட்டும் இடத்தில் ஒரு கனெக்டர் வைத்துக்கொள்வதே நல்லது. பாசிட்டிவ் வயரில் ஃபியூஸ் கட்டாயம், அதுவும் பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில். ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் வயர் எங்காவது உரசிக் கிழிந்து விமானத்தின் உலோக உடலைத் தொட்டால், பேட்டரியின் முழுச் சக்தியும் அந்த மெல்லிய வயர் வழியாகப் பாயும். எஞ்சின் பக்கத்தில் அப்படி நடந்தால் தீதான்.

அமெரிக்க விதிப்படி பேட்டரியை மாற்றுவதும் பராமரிப்பதும், பைலட் உரிமம் உள்ள விமான உரிமையாளரே செய்யக்கூடிய வேலைகளின் பட்டியலில் இருக்கின்றன. நிரந்தரமாக ஒரு வயரைப் பொருத்துவது அந்தப் பட்டியலுக்குள் அடங்காத மாற்றம். உரிமம் பெற்ற மெக்கானிக் செய்து பதிவேட்டில் எழுத வேண்டும். கொஞ்சம் செலவுதான், ஆனால் மேலே சொன்ன ஃபியூஸ் விஷயத்தை நினைத்தால் அந்தச் செலவை நான் மிச்சப்படுத்த மாட்டேன்.

திரவ அமில பேட்டரி ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே வெடிக்கக்கூடியது. பேட்டரி பெட்டியிலிருந்து வெளியே போகும் காற்றுக் குழாய் அடைக்காமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். முதலில் பேட்டரிப் பக்கத்தை இணைத்து, அப்புறம் சுவர் சுவிட்சைப் போடுங்கள். கழற்றும்போது சுவர் சுவிட்சை முதலில் அணையுங்கள். தீப்பொறி பேட்டரி அருகே வராமல் இருக்க இதுதான் வழி. வயரை மறந்துவிட்டு விமானத்தை நகர்த்திவிடாதிருக்க, பறப்பதற்கு முன் எடுக்க வேண்டியவற்றில் கட்டும் சிவப்பு நாடா ஒன்றை அதிலும் கட்டிவிடுவது நல்ல பழக்கம். இன்னொன்று: ஹேங்கரில் கரண்ட் போய்விட்டால் சில சார்ஜர்கள் பேட்டரியிலிருந்தே கொஞ்சம் மின்சாரத்தைத் திருப்பி எடுக்கும். நீண்ட நாள் விட்டுப்போகிறவர்கள் வாங்கும்போதே இதை விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவையும் சரியாகச் செய்த உரிமையாளரிடம் இப்போது பேட்டரி எப்படி என்று கேளுங்கள். பச்சை விளக்கு எரிகிறதே, வோல்ட் மீட்டர் 12.8 காட்டுகிறதே, எஞ்சினும் முதல் சுற்றிலேயே எடுக்கிறதே என்பார். மூன்றும் உண்மை. மூன்றும் கொள்ளளவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

எஞ்சினை எடுக்க ஸ்டார்ட்டர் சில விநாடிகளுக்கு 200 ஆம்பியருக்கு மேல்கூட இழுக்கும். பார்க்கப் பெரிதாக இருந்தாலும் 3 விநாடி என்றால் மொத்தச் செலவு 0.2 ஆம்பியர்-மணிகூட ஆகாது. வயதாகித் தன் கொள்ளளவில் பாதியை இழந்த பேட்டரிகூட இதைத் தந்துவிடும். மெயின்டெய்னர் அதை எப்போதும் நிறைத்தே வைத்திருப்பதால், மாட்டாதிருந்தால் ஒரு குளிர்காலக் காலையில் முனகிக் காட்டிக்கொடுத்திருக்கும் பேட்டரி, சார்ஜரின் புண்ணியத்தில் ஒவ்வொரு முறையும் சுறுசுறுப்பாக எஞ்சினைச் சுற்றும். பாத்திரம் சுருங்கியிருப்பது தெரியாது, நிறைந்திருப்பது மட்டும் தெரியும். ஆல்டர்நேட்டர் போகும் நாளில்தான், 30 நிமிடம் என்று நம்பியது 12 நிமிடத்தில் முடிந்துபோவதைப் பார்க்க நேரும்.

இதற்கு ஒரே வழி கொள்ளளவுச் சோதனை. பேட்டரியைக் கழற்றி முழுக்க ஏற்றி, ஒரு மணி நேரக் கணக்கில் அதன் ஆம்பியர்-மணி எவ்வளவோ அதே ஆம்பியரில் இறக்க வேண்டும். 23 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் 23 ஆம்பியர். 12 வோல்ட் பேட்டரி 10 வோல்ட்டுக்கு, 24 வோல்ட் பேட்டரி 20 வோல்ட்டுக்கு வரும்வரை எத்தனை நிமிடம் தாங்கியது என்று பார்க்க வேண்டும். தேர்ச்சிக்கான அளவு தயாரிப்பாளரைப் பொறுத்து ஒரு மணி நேரத்தில் 80 அல்லது 85 சதவீதம், அதாவது 48 அல்லது 51 நிமிடம். கார் கடைகளில் சில விநாடி சுமை கொடுத்துப் பார்க்கும் கருவி இதற்கு ஈடாகாது. அது ஸ்டார்ட் செய்யும் திறனைத்தான் அளக்கிறது.

வருடாந்தரச் சோதனைக்கு விமானம் மெக்கானிக்கிடம் போகும்போது இதையும் சேர்த்துக் கேட்பதுதான் வசதி. பல இடங்களில் கேட்டால்தான் செய்வார்கள். முதல் முறை தேறாவிட்டால் தயாரிப்பாளரின் கையேட்டில் சொன்னபடி, குறைந்த நிலையான மின்னோட்டத்தில் நீண்ட நேரம் ஏற்றி மறுபடி சோதிக்கலாம். சல்ஃபேட் அதிகம் இறுகாதிருந்தால் ஓரளவு மீண்டுவரும். அப்போதும் 40 நிமிடத்தில் 10 வோல்ட்டைத் தொட்டுவிட்டால், அன்று காலை எஞ்சினை முதல் சுற்றிலேயே எடுத்த பேட்டரியாக இருந்தாலும் அதை விமானத்தில் திரும்ப மாட்டக் கூடாது.